கூடு கட்டும் ஏரி, குளிர் கழிக்கும் ஏரி

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் யாராவது பறவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதலில் கிடைக்கும் யோசனை, "வேடந்தாங்கல் போங்க" என்பதுதான். செங்கல்பட்டு மாவட்டம் வரை போய்வர ஒரு முழு நாள் போய்விடும். அரியலூர் தாண்டி, பழுவேட்டரையர்களின் ஊராகக் கல்கியால் நாம் அறிந்த கீழப்பழுவூர் வழியாகப் போனால் கரைவெட்டி ஏரி. விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். ஆனால் கரைவெட்டிக்குப் போய்வந்த பலர், "அங்க ஒண்ணுமே இல்லீங்க, தூரத்துல ஏதோ கறுப்பு கறுப்பா மெதக்குது, அவ்வளவுதான்" என்று சலித்துக்கொள்கிறார்கள். குறை ஏரியில் இல்லை. அவர்கள் கரைவெட்டிக் கரையில் நின்றுகொண்டு வேடந்தாங்கலைத் தேடியிருக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் நுழைவாயில் பலகை பறவைகள் சரணாலயம் என்றுதான் சொல்கிறது. இரண்டும் பாசன ஏரிகள். இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தவை. வேடந்தாங்கல் 2022-இல், கரைவெட்டி 2024 ஜனவரியில். கேட்பவருக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத்தான் தோன்றும். உண்மையில் வேடந்தாங்கல் பறவைகளுக்குப் பிரசவம் பார்க்கும் தாய்வீடு. கரைவெட்டி வழிப்போக்கர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் சத்திரம். ஒன்றுக்கு வேண்டியது மற்றொன்றுக்கு வேண்டியதில்லை, சில சமயம் கேடாகவும் முடியும். இதைப் புரிந்துகொள்ளாதவர் பார்வையாளராக இருந்தால் ஒரு நாள் ஏமாற்றத்தோடு போகும். ஏரியைச் சீர்செய்கிறவராக இருந்தால் நட்டம் பறவைகளுக்கு.

பரப்பிலிருந்து தொடங்கலாம். வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர். கரைவெட்டி 453.72 ஹெக்டேர், பதினைந்து வேடந்தாங்கலை உள்ளே வைக்கலாம். சின்ன ஏரியில் மரங்களெல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கின்றன, பறவைகள் அதில் அப்பிக்கொண்டிருக்கின்றன. பெரிய ஏரியில் அதைவிடக் கூடுதலான பறவைகள் இருந்தாலும் தண்ணீரின் அகலத்தில் சிதறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரிவது கறுப்புப் புள்ளிகள்தான். எண்ணிக்கை வேறு, காட்சி வேறு. தமிழ்நாட்டில் நீர்ப்பறவைகள் மிக அதிகமாகக் கூடும் இடங்களில் ஒன்று என்று அரசின் அறிவிப்பிலேயே குறிக்கப்பட்ட ஏரி கரைவெட்டி. அங்கே பதிவான பறவை வகைகள் சுமார் 198.

வரலாற்றில் வேடந்தாங்கலுக்கு ஈடு கிடையாது. வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரியில் நாரைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஏரியில் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை ஊருக்கு அளித்து 'கவுல்' என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். மதுராந்தகம் ஏரி உடையாமல் காத்தவர் இராமர் என்று சொல்லும் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். மதுராந்தகத்தில் கரையைப் பலப்படுத்தியவர், பக்கத்து வேடந்தாங்கலில் பறவைகளின் காவலைப் பலப்படுத்தினார். ஊர் காட்டிய அக்கறைக்குக் காரணமும் உண்டு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது தனியாக உரம் போட்டது போலாகிறது என்பதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்திருக்கிறார்கள். நூறு கூடுகளுக்குக் கீழே உள்ள தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்வது மண்ணியல் படித்தவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

கரைவெட்டிக்கு இப்படி ஒரு பத்திரம் இல்லை. 1999-இல் அரசு சரணாலயமாக அறிவித்தது, அதற்குப் பிறகு வனத்துறையின் பொறுப்பு. அங்கே குளிர் கழிக்க வரும் வாத்துகள் மரத்தில் தங்குவதில்லை, ஓரிடத்தில் எச்சத்தைக் குவிப்பதில்லை, குஞ்சு பொரித்து ஊர்ப்பிள்ளைகளின் கண்முன் வளர்ப்பதும் இல்லை. ஐப்பசியில் வந்து மாசி, பங்குனியில் போய்விடும் பறவைமீது ஓர் ஊருக்குப் பாசம் வளர்வது கடினம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அதுவும் கூடு கட்டும் பறவைகள் உள்ள ஊர்தான். நம் மக்கள் பறவைக்குக் காட்டிய பரிவு பெரும்பாலும் கூட்டைப் பார்த்து வந்த பரிவு. கூடில்லாமல் வந்துபோகும் பறவைக்கு அதே பரிவை எப்படிச் சம்பாதித்துத் தருவது? கரைவெட்டி நம்முன் வைக்கும் கடினமான கேள்வி இதுவே என்பது என் எண்ணம்.

இனி, தண்ணீர். இரண்டு ஏரிகளின் குணமும் பிரிவது இங்கேதான்.

வேடந்தாங்கல் மழை ஏரி. வடகிழக்குப் பருவமழை பெய்து, வரத்து வாய்க்கால்கள் ஓடி, மரங்களின் அடி முழுகிய பிறகுதான் பறவைகள் கூட்டுக்குச் சுள்ளி எடுக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீர் அவற்றுக்குக் குடிக்கவோ மீன் பிடிக்கவோ மட்டுமல்ல. மரத்தைச் சுற்றிய அகழி அது. கீரியும் காட்டுப்பூனையும் முட்டையைத் தேடும் மனிதனும் கூட்டை நெருங்க முடியாதபடி காப்பது அதுதான். மழை பொய்த்து மரத்தடி காய்ந்து கிடக்கும் ஆண்டில் பறவைகள் வந்து பார்த்துவிட்டு வேறிடம் போய்விடும்.

கரைவெட்டியின் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. காவிரியில் திறந்த தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் கொள்ளிடத்தின் வடகரை ஊர்களுக்குப் பாய்ந்து ஏரியை நிரப்புகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நல்ல ஆண்டாக இருந்தால், வாத்துகள் வரும் ஐப்பசிக்கு முன்பே ஏரியில் தண்ணீர் கிடக்கும். குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும் நம்மூர் வடகிழக்கு மழையும் ஆக இரண்டு மழைகளின் தண்ணீர் ஓர் ஏரியில் சேர்கிறது. சுற்றிலும் மழையை மட்டுமே நம்பிய ஏரிகள் இன்னும் பாதி நிரம்பாத நாளில் கரைவெட்டி தயாராக இருப்பதற்கு இதுவே காரணம். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் இந்த வசதியும் போய்விடும். கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான காவிரிப் பேச்சில் நெல்லையும் குடிநீரையும் பற்றித்தான் கேட்கிறோம். லடாக்கிலோ மங்கோலியாவிலோ பொரித்த ஒரு வாத்தின் குளிர்காலமும் அந்தக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பறவைகளைக் கிட்டத்தில் பார்ப்போம். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், சங்குவளை நாரை, கொக்கு வகைகள் எல்லாம் ஒரே மரத்தில் மாடிவீட்டுக் குடித்தனம் போலத் தளம் தளமாகக் குடியிருக்கும். நத்தைகுத்தியின் மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி இருப்பது கண்ணுக்கே தெரியும். வயலில் பொறுக்கும் நத்தையைக் கையாள அமைந்த அலகு அது. மதிய வெயில் ஏறும்போது தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இறக்கைகளை அரைவட்டமாக விரித்துக் குஞ்சுகள் மேல் நிழல் விழ வைக்கும். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் மேல் ஊற்றுவதும் உண்டு. இதையெல்லாம் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். குழந்தைகளை முதன்முதலில் பறவை பார்க்க அழைத்துப் போக வேடந்தாங்கலைப் போன்ற இடம் கிடையாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கரைவெட்டியில் வேறு கூட்டம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை, நாமத்தலை வாத்து ஆகியவை வடக்கிலிருந்து வருபவை. குள்ளத்தாராவும் புள்ளிமூக்கு வாத்தும் நம்மூர்வாசிகள். இடையிடையே நாமக்கோழிக் கூட்டம். "கறுப்பா மெதக்குது" என்று போனவர்கள் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான். நல்ல தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே வேலை நடப்பது தெரியும். தட்டைவாயன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னால் போகும் பறவையின் வால் பக்கமே அலகை வைத்துக்கொண்டு வட்டமிட்டு நீந்தும். எல்லாமே சேர்ந்து சுற்றுவதால் அடித்தண்ணீர் கலங்கி நுண்ணுயிர்கள் மேலே வரும். அகப்பை போன்ற அலகின் ஓரத்தில் சீப்புப் பல்போல் வரிசையாக இருக்கும் நுண்தகடுகள் தண்ணீரை வெளியே விட்டு இரையை உள்ளே நிறுத்தும். அரைமணி நேரம் இதைப் பார்த்தவர் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டார்.

கரைவெட்டியின் தலைப்பறவை வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டைகள், மஞ்சள் அலகு. திபெத், லடாக், மங்கோலியா பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வருகிறது. உயரத்தில் மூச்சுக்காற்று மெலிந்தாலும் உயிர்வளியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் இரத்தம் அதற்கு. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அது ஒரேயடியாக உச்சியில் பறப்பதில்லை. மலை ஏறும் இடத்தில் ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறித்தான் கடக்கிறது. அத்தனை தூரம் கடந்துவந்த பறவை பகலில் ஏரி நடுவிலோ மேட்டிலோ சும்மா நிற்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கூவிக்கொண்டு வயல்களுக்குக் கிளம்பும். புல்லும் சிந்திய நெல்லும் அதற்கு இரை. கரைவெட்டி அறிவிக்கப்பட்ட அதே நாளில் கர்நாடகத்தின் மாகடி ஏரியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்னிந்தியாவில் வரித்தலை வாத்துகள் பெருங்கூட்டமாகக் குளிர் கழிக்கும் இடங்களில் மாகடி முக்கியமானது. கரைவெட்டியின் உண்மையான உறவு அது. வேடந்தாங்கலைவிட மாகடியோடுதான் இந்த ஏரியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கூடு கட்டும் ஏரி வேறு, குளிர் கழிக்கும் ஏரி வேறு என்பதற்கு வேடந்தாங்கல் பக்கத்திலேயே சான்று உண்டு. சில கிலோமீட்டர் தள்ளிக் கரிக்கிலி என்றொரு சரணாலயம் இருக்கிறது; 61 ஹெக்டேர், அதுவும் 2022-இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. மரக்கூட்டம் நிறைந்த வேடந்தாங்கலில் நாரைகள் குடும்பம் நடத்த, வாத்துகளும் உள்ளான்களும் திறந்த நீரையும் சேற்று விளிம்பையும் நாடிக் கரிக்கிலிக்குப் போகின்றன. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள், பறவைகள் தாமாகவே வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன.

இந்த வித்தியாசம் தெரியாமல் செய்யும் நல்ல காரியங்கள் இரண்டு. இரண்டும் என்னைக் கவலைப்படுத்துகின்றன.

ஒன்று, மரம் நடுவது. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளின் உட்புறமெல்லாம் கருவேலங்கன்று நட்டார்கள். அதனால் பல ஊர்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடுகட்ட இடம் கிடைத்தது உண்மை. அதைப் பார்த்து எந்த ஏரிக்கும் பறவை வர வேண்டுமென்றால் மண்திட்டு போட்டு மரம் வை என்பது சூத்திரமாகிவிட்டது. வாத்துக்கு வேண்டியது நாலாபுறமும் கண்ணுக்கெட்டும் வெட்டவெளி. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வருவதைத் தூரத்திலேயே கண்டு எழும்ப வேண்டும். வரித்தலை வாத்து இறங்க நீண்ட ஓடுபாதை போன்ற தண்ணீர் வேண்டும். மரம் வைத்து ஏரியைத் துண்டு துண்டாக்கினால் நத்தைகுத்திக்கு வீடு கிடைக்கும், வாத்து போய்விடும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பரவுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது, யாரும் நடாமலேயே.

இன்னொன்று, ஆழப்படுத்துவது. கிளுவையும் நீலச்சிறகியும் ஊசிவாலும் முங்கி இரை தேடுபவை அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிச் செங்குத்தாக நின்று, கழுத்து எட்டும் ஆழத்தில் இருக்கும் விதையையும் பூச்சியையும் எடுப்பவை. கழுத்து நீண்ட ஊசிவால் கொஞ்சம் ஆழத்தில் மேயும், கிளுவை ஓரத்திலேயே மேயும். ஆக ஏரிக்கு ஒரே ஆழம் இருந்தால் போதாது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று சரிந்து போக வேண்டும். வண்டல் எடுக்க இறங்கும் ஜேசிபி கரையோரத்திலேயே ஆள் உயரத்துக்குத் தோண்டி நிறுத்திவிட்டால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், மேய இடம் இருக்காது. வேடந்தாங்கலில் இதே ஆழம் பெரிய தீங்கில்லை. நாரைகள் இரைக்குப் பக்கத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்விடும். அதனால்தான் அங்கே சுற்றுவட்டம் முக்கியம். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயப் பகுதியாக அறிவித்ததும், 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க எழுந்த யோசனைக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியதும் இதையொட்டித்தான்.

கணக்கெடுப்பிலும் ஒரே முழக்கோலை இரண்டுக்கும் வைத்து அளக்கிறோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் தனியே கணக்கெடுக்கிறார்கள். கரும்பும் மஞ்சளும் வாங்கும் நாளில் பறவை எண்ணுவதும் சேர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் எண்ணை வாசிக்கும் விதம் ஏரிக்கு ஏரி மாற வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் வேடந்தாங்கலில் பறவை கூடும், கூடு பெருகும். அதே மழையில் தென்னிந்தியாவின் ஏரி குளமெல்லாம் நிரம்பிவிட்டால் வாத்துகள் பரவிப் போய்க் கரைவெட்டியில் எண்ணிக்கை குறையவும் கூடும். ஒரே மழை ஓர் ஏரியில் கூட்டலையும் இன்னொன்றில் கழித்தலையும் காட்டலாம். "போன வருஷத்தைவிடப் பாதிதான், ஏரி கெட்டுப்போச்சு" என்று அவசரப்படுவதற்கு முன் சுற்று ஏரிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேடந்தாங்கலுக்கோ ஜனவரியில் தலையை எண்ணுவதைவிட மார்ச்சில் கூட்டையும் குஞ்சையும் எண்ணுவதுதான் உண்மையைச் சொல்லும்.

இங்கேதான் குன்னம் வருகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பூமி, வடக்கே வெள்ளாறு. ஏரிகள் வானம் பார்த்தவை, மேட்டூர்த் தண்ணீர் எட்டாதவை. கலங்கல் தண்ணீர், நாலு மாதமோ ஐந்து மாதமோ நின்றால் அதிகம். மழையை நம்பியிருப்பதில் இவை வேடந்தாங்கலுக்கு உறவு. மரமில்லாத திறந்த நீர், சரிந்த சேற்றுக் கரை என்று பார்த்தால் கரைவெட்டிக்கு உறவு. பறவைக்கு இந்த உறவுதான் பெரிது. தை மாதக் காலையில் இந்த ஏரிகள் எதிலாவது கரையேறி நின்றால் முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், சேற்றில் வாலை ஆட்டி ஓடும் வாலாட்டி, மின்கம்பியில் வரிசை கட்டிய தகைவிலான், சோளக்கொல்லை மேல் அலையாகத் திரும்பும் சோளப்பட்சிக் கூட்டம் எல்லாம் கிடைக்கும். தகைவிலானும் வாலாட்டியும் சோளப்பட்சியும் வெளிநாட்டுப் பறவை என்பதே பலருக்குத் தெரியாது. கரைவெட்டி வற்றினாலோ ஆள் நடமாட்டத்தால் கலைந்தாலோ வாத்துகள் ஒதுங்க இப்படிப்பட்ட ஏரிகள் சுற்றிலும் இருந்தாக வேண்டும். ஓர் ஏரியை மட்டும் காத்து வாத்தைக் காக்க முடியாது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேடந்தாங்கலுக்கு மாலையில் போங்கள், இரை தேடப் போனவை திரும்பும் நேரம் அது. தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரைவெட்டிக்கு மார்கழி, தை மாதத்தில் விடிந்தவுடன், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கரையில் நில்லுங்கள். தொலைநோக்கி கட்டாயம். கரையில் நடந்துகொண்டே இருக்காதீர்கள்; ஆள் அசைந்தால் கூட்டமே எழும்பும், எழும்பிய பறவை நாலு வாய் இரையை இழக்கும்.

ஏரி வேலைக்கும் காலம் வெவ்வேறு. பங்குனியோடு வாத்துகள் வடக்கே கிளம்பிவிடுவதால் கரைவெட்டியிலும் குன்னம் ஏரிகளிலும் சித்திரை, வைகாசியில் தாராளமாக மண்வேலை செய்யலாம். வேடந்தாங்கலில் கடைசிக் கூடு காலியாகும்வரை இயந்திரத்தை இறக்கக் கூடாது. கரைவெட்டியில் கவனம் வேண்டியது தை, மாசியில். சம்பா அறுவடை முடிந்து மதகு பற்றிய அக்கறை குறையும் அந்த வாரங்களில் ஏரியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்பதுதான் வாத்துகள் இன்னும் ஒரு மாதம் தங்குமா என்பதை முடிவு செய்கிறது. குன்னம் பக்கத்தில் அடுத்த கோடையில் வண்டல் எடுக்க அனுமதி கேட்கும்போது, நீர்ப்பிடிப்புப் பக்கத்து ஓரத்தைத் தோண்டாமல் அதன் சரிவோடு விட்டுவிட்டு, கரைப்பக்கத்து ஆழத்தில் மட்டும் எடுக்கும்படி ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டு எழுதிக்கொடுக்கலாம். மண்ணும் கிடைக்கும், கிளுவைக்கு மேய இடமும் மிஞ்சும்.